பெண்கள் இறங்காத வளைவு

12 ஜூன் 2023

எழுத்தாளர் பியூலா அம்மா அவர்களுக்கு,

உங்கள் புத்தகம் மூன்றாம் பதிப்பு வந்துவிட்டதாக அட்டையில் போட்டிருக்கிறது. அப்படியென்றால் நலமாகத்தான் இருப்பீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் போடிமெட்டுச் சரிவில் ஓர் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். பத்தாவது வரை படித்தேன். கையில் கிடைப்பதையெல்லாம் வாசிப்பேன். மெட்டில் டீக்கடை வைத்திருக்கும் ஜான் உங்கள் 'ஏழு கொள்ளைக்காரிகள்' புத்தகத்தைக் கொடுத்தார். ஜீப் டிரைவர்கள் எல்லாரும் இதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றார். முதல் ஆறு கதைகளும் கடலில் கப்பலை மறித்த பெண்களைப் பற்றியவை. நான் கடலைப் பார்த்ததில்லை. அதனால் அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தூக்குமேடையில் ஏறும் ஒருத்தி கயிற்றைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் அழுதுவிட்டேன்.

ஏழாவது கதை எங்கள் மலை. சிலமலையைச் சேர்ந்த பெரியம்மாள், பொன்னுமணி என்ற இரண்டு பெண்கள் முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால், போடிக்கு இறங்கும் ஏலக்காய் லாரிகளில் கொண்டை ஊசி வளைவில் ஏறிக் கொள்ளையடித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிஜம். தலையில் சிவப்புத் துணி, இடுப்பில் வாள் மாதிரி அரிவாள், டிரைவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்பதெல்லாம் நிஜமில்லை. கொள்ளையடித்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார்களாம். அவர்களைவிட ஏழை யார் இருந்தார்கள், கொடுப்பதற்கு?

இதெல்லாம் போகட்டும். கடைசிப் பக்கத்தில்தான் என் சண்டை. போலீஸ் சுற்றி வளைத்ததும் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு பதினோராம் வளைவில் இருந்து பள்ளத்தில் குதிக்கிறார்கள். குதிப்பதற்கு முன்னால் பொன்னுமணி, "இனி எந்தப் பெண்ணின் காலும் இந்த வளைவில் படக் கூடாது" என்கிறாள்.

உங்கள் புத்தகம் வந்த பிறகு அந்த வளைவில் இரண்டு கல் நட்டு, சிவப்புச் சேலை சுற்றி, 'வளைவுக்காரி' என்று கும்பிடுகிறார்கள். பொன்னுமணியின் தம்பி காசிமாயன்தான் பூசாரி. சாமி சொன்ன வாக்கு என்று பெண்களை அங்கே இறங்க விடுவதில்லை. தை மாதம் கிடா வெட்டிச் சோறு போடுகிறார்கள். அதையும் ஆண்கள் மட்டும்தான் சாப்பிடலாம். சிலமலையில் இருந்து தினமும் ஜீப்பில் வேலைக்கு வரும் பெண்களுக்கு அந்த வளைவில் இறங்கினால் தோட்டத்துக்குக் குறுக்குப் பாதை. இப்போது மெட்டு வரை போய்க் காட்டு வழியே திரும்ப நடக்கிறார்கள். மழை தொடங்கிவிட்டது. அட்டைக்கடியும் வழுக்கலும் போதாதென்று யானை வேறு.

அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். எடுத்துவிட்டேன் என்று பேப்பரிலும் போடுங்கள்.

பொன்னுமணி அப்படிச் சொல்லவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவள் பள்ளத்திலும் குதிக்கவில்லை. நான்தான் பொன்னுமணி. இங்கே என்னைத் தமிழ்செல்வி என்பார்கள். பதிலை அந்தப் பெயருக்கு ஜான் கடை முகவரியில் போடுங்கள். போன் வேண்டாம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் பேசினால் ஐந்து வீட்டில் கேட்கும்.

இப்படிக்கு,
தமிழ்செல்வி


போடிநாயக்கனூர்
3 ஜூலை 2023

அன்புள்ள தமிழ்செல்வி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததில் இருந்து எதுவும் எழுத ஓடவில்லை. உங்களைப் பொய் சொல்கிறவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நம்பவும் முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். புத்தகம் வந்த பிறகு தேவாரத்தில் இருந்து ஒருவர் வந்து, தானே அந்த லாரியை ஓட்டியதாகச் சொன்னார். விசாரித்தால் அப்போது அவர் ஐந்தாம் வகுப்பு.

நான் எழுதிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கிங்ஸ்லி போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தவர். அந்த இரண்டு பெண்களையும் திட்டாமல் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடியாது. அவர்களை நினைத்து நான் பயந்ததைவிட ஆசைப்பட்டதுதான் அதிகம். பெரியவளான பிறகு கடல் கொள்ளைக்காரிகளைப் பற்றித் தேடித்தேடிப் படித்தபோதெல்லாம், கப்பலில் தாவி ஏறும் பெண்களின் முகம் எனக்கு நம் மலைப் பெண்களின் முகமாகத்தான் தெரிந்தது. காசிமாயன் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். பெரியம்மாளின் உடல் பள்ளத்தில் கிடைத்தது, அதன் மேல் தன் அக்காவின் துண்டு கிடந்தது, அக்காவை மட்டும் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை என்றார். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அந்த அழுகைக்கு ஈடாக ஒரு முடிவு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தக் கடல் பெண்களில் ஒருத்தியைப் பற்றி ஒரு பழைய நீதிமன்றக் குறிப்பில் இருப்பது நான்கே வரி. மீதிப் பக்கங்கள் முழுக்க என் கற்பனை. அவள் வந்து "நான் சிரிக்கவில்லை" என்று சொல்லப் போவதில்லை. செத்தவர்களை வைத்து எழுதியே பழகிவிட்டேன்.

நீங்கள் சொல்லும் வரியை நான் சாபமாக எழுதவில்லை. தனக்கு வந்த கதி இன்னொரு பெண்ணுக்கு வர வேண்டாம் என்ற வேண்டுதல் அது. ஆண்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் பழி என் மேலா? நீங்கள் பொன்னுமணிதான் என்றால், அவருக்கு மட்டுமே தெரிந்த எதையாவது எழுதுங்கள். தயவுசெய்து.

அன்புடன்,
பியூலா


8 ஆகஸ்ட் 2023

பியூலா அம்மாவுக்கு,

செத்ததற்கு அத்தாட்சி கேட்காமல் எழுதினீர்கள். உயிரோடு இருப்பதற்குக் கேட்கிறீர்கள். கொடுக்கிறேன்.

நாங்கள் ஒரு சாக்கையும் வெட்டியதில்லை. பெரியம்மாள் அக்கா தோட்டத்து ஸ்டோரில் மூட்டைக்கு வாய் தைக்கிறவள். எந்தக் கடைக்குப் போகிற மூட்டைக்கு எந்தத் தையல் என்பது அவளுக்கு மனப்பாடம். உங்கள் அப்பா கடைக்குப் பச்சைச் சணல், இரண்டு தையலுக்கு ஒரு முடிச்சு. லோடு லாரி மலையிறங்கும்போது வளைவில் ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். பின்பக்கமாக ஏறித் தார்ப்பாய்க்குள் புகுந்துகொள்வோம். அவள் கோணி ஊசியால் தையலைப் பிரிப்பாள். நான் காயை அள்ளிக்கொண்டு, மூட்டை தொய்யாமல் இருக்கச் சருகைத் திணிப்பேன். அவள் பழையபடியே தைத்துவிடுவாள். கீழ் வளைவில் இறங்கிக்கொள்வோம். இதுதான் எங்கள் கொள்ளை. வாளுக்கு எங்கே இடம்?

ஒரு தடவை ஒரு டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டான். கத்தி, அரிவாள் என்று ஊரில் போய்ச் சொன்னது அவன்தான். இரண்டு பொம்பளைகள் ஊசியை வைத்துக்கொண்டு தன்னை ஏமாற்றினார்கள் என்று சொல்ல அவனுக்கு வெட்கம். கதை கட்டுவதில் அவன் உங்களுக்கு அண்ணன்.

கடைசி நாளும் உங்கள் புத்தகத்தில் இருப்பது மாதிரி இல்லை. போலீசும் இல்லை, கைகோக்கவும் இல்லை. நல்ல மழை. பதினோராம் வளைவில் இறங்கியபோது அக்காவின் செருப்பு வார் அறுந்தது. "செருப்பு அந்துருச்சுடி, இரு வர்றேன்" என்று குனிந்தாள். மண் சரிந்து அவளோடு போய்விட்டது. அவள் கடைசியாகப் பேசியது அவ்வளவுதான். நான் பள்ளத்துக்குள் இறங்கிப் பார்த்தேன். மூச்சு இல்லை. என் துண்டை அவள் மேல் போர்த்தினேன். ஊருக்குப் போனால் திருட்டோடு கொலைப்பழியும் சேரும் என்று பயந்து, மலையின் அந்தப் பக்கம் நடந்தேன்.

எனக்கும் சேர்த்துக் காரியம் செய்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சுடலை என்பவரைக் கட்டிக்கொண்டேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. சில வருடங்களுக்கு முன்தான் இந்தத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்றால், இங்கிருந்து பார்த்தால் சிலமலையின் விளக்கு தெரியும்.

இந்த உலகத்தில் எனக்கு இருப்பது காசிமாயன் ஒருத்தன். ஜீப்பில் அந்த வளைவைக் கடக்கும்போது முக்காட்டைப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். என் கல்லுக்குப் பூ வைத்துக்கொண்டிருப்பான். தலையெல்லாம் நரைத்துவிட்டது. ஒருநாள் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து ஒருவாய் சோறு சாப்பிட வேண்டும். வேறு ஆசை ஒன்றும் இல்லை. முதலில் அந்த வரியை எடுங்கள்.

தமிழ்செல்வி


போடிநாயக்கனூர்
5 செப்டம்பர் 2023

அன்புள்ள அம்மா,

அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு இப்போது நேற்று நடந்தது நினைவில் இருக்காது, அன்று நடந்தது இருக்கும். "தையல் பிரிஞ்சே இருக்காதும்மா. பச்சைச் சணல் அப்பிடியே இருக்கும். உள்ள பாத்தா சருகு கெடக்கும். என்ன மாயம்னே தெரியல" என்றார். ஊசி விஷயத்தைச் சொன்னதும், இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "கெட்டிக்காரிகதான்" என்றார். அவர் வாயில் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

உங்களை நம்புகிறேன். சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கள்.

வளைவைப் போய்ப் பார்க்கலாம் என்று ஜீப் ஏறினேன். டிரைவர் பெயர் விஜயபாண்டி, சின்ன வயசு. பதினோராம் வளைவில் நிறுத்தச் சொன்னேன். "இங்க லேடீஸ் எறங்கக் கூடாதுக்கா" என்றார். அந்தப் புத்தகத்தை எழுதியவளே நான்தான் என்றேன். வண்டியை ஓரமாக மெதுவாக ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "எழுதுனவுகளே நீங்கதானா? அப்ப உங்களுக்குத் தெரியாதாக்கா, பொம்பளை காலு படக் கூடாதுன்னு?" என்றார். ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். காசிமாயன் அண்ணன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

வரியை எடுத்துவிடுகிறேன். ஆனால் இப்போது கடைகளில் இருக்கும் பிரதிகளை என்ன செய்வது? ஜனவரியில் புதிய பதிப்பு வருகிறது. முன்னுரையில் எல்லாவற்றையும் விளக்கி எழுதலாம் என்று பதிப்பாளர் சொல்கிறார். அவசரப்பட்டுப் பேப்பரில் எழுதினால் மற்ற ஆறு கதைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்கிறார். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. பதினைந்து வருட உழைப்பு அம்மா அது. ஜனவரி வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பியூலா


17 அக்டோபர் 2023

பியூலா,

அம்மா என்று போட மனசு வரவில்லை.

பானுப்பிரியா என்று ஒரு பெண். சிலமலைக்காரி. என் பக்கத்து நிரையில் காய் எடுப்பவள். வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. தினமும் மெட்டில் இருந்து அந்தக் காட்டு வழியே நடந்துதான் வேலைக்கு வந்தாள். நேற்று வழியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லாமல் வேலையைத் தொடங்கிவிட்டாள். மதியம் வலி வந்தது.

சேலையில் தூளி கட்டி, நான்கு பொம்பளைகள் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் பதினோராம் வளைவுக்கு ஏறினோம். ஆஸ்பத்திரிக்குப் போக அதுதான் கிட்டத்து ரோடு. வந்த ஜீப்புகள் எல்லாம் வளைவில் பொம்பளைகள் நிற்பதைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டன. கை காட்டினோம், கத்தினோம். ஒருத்தன் மட்டும் மெதுவாகப் போனான். "அடுத்த வளைவுக்குத் தூக்கிட்டு வாங்க ஆத்தா. இங்க நிப்பாட்டுனா வண்டி கவுந்துரும்" என்றான். அவன் கண்ணில் நிஜமாகவே பயம் இருந்தது. திட்டிக்கொண்டே தூக்கிக்கொண்டு போனோம்.

பானு பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை.

ஜனவரி வரை பொறுக்கச் சொன்னீர்கள்.

பொன்னுமணி


போடிநாயக்கனூர்
21 நவம்பர் 2023

அன்புள்ள அம்மா,

ஒரு மாதமாக உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். மன்னிப்புக் கேட்டால் அது எனக்குத்தான் ஆறுதல், உங்களுக்கோ பானுப்பிரியாவுக்கோ இல்லை. ஆஸ்பத்திரியில் போய் அவளைப் பார்த்தேன். நான் யார் என்று சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுடைய அம்மா, "நீங்க போங்கம்மா, புள்ள தூங்கட்டும்" என்றார்கள்.

மறுநாளே பேப்பருக்கு எழுதிக் கொடுத்தேன். பொன்னுமணி சொன்னதாக வரும் வரி முழுக்க என் கற்பனை, அங்கே பெண்களைத் தடுப்பது தவறு என்று என் பெயர் போட்டு வந்தது. வெட்டி வைத்திருக்கிறேன், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஜீப் ஸ்டாண்டிலும் போய் நின்று பேசினேன். மரியாதையாகக் கேட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவர்கூட ஒத்துக்கொள்ளவில்லை. பேப்பரில் மாற்றி எழுதச் சொல்லி யாரோ என்னை மிரட்டியிருப்பதாக நினைக்கிறார்கள்.

பிறகு காசிமாயன் அண்ணனின் வீட்டுக்குப் போனேன். உங்களைப் பற்றி மூச்சு விடவில்லை, பயப்படாதீர்கள். அந்த வரி நான் எழுதியது, உங்கள் அக்கா சொன்னதில்லை என்று அவர் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "எழுதுனது நீங்கதான் தாயி. யாரு இல்லைன்னா? ஆனா சொன்னது அவ. உங்க கை வழியா சொல்லிருக்கா. இத்தனை வருசமா எங்க இருக்கான்னே தெரியாம கெடந்தவ, உங்க எழுத்துல வந்து எம் பக்கத்துல உக்காந்துட்டா. அவ வாக்கை நான் எப்பிடி மாத்துவேன்?" என்றார்.

இத்தனை வருடம் எழுதுகிறேன். என் எழுத்து என் கையை விட்டுப் போனதை நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான். எழுதியவள் சொல்லி மாற்ற முடியவில்லை. சொன்னதாக எழுதப்பட்டவர் சொன்னால்தான் மாறும். அதை உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. வழக்கு பழையது, இப்போது ஒன்றும் ஆகாது என்று தெரிந்த வக்கீல் சொல்கிறார். ஆனால் பயம் வழக்கைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் வரவில்லை என்றாலும் உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இருக்காது.

பியூலா


20 ஜனவரி 2024

பியூலாவுக்கு,

பேப்பர் துண்டு கிடைத்தது. ஜான் கடையில் சத்தமாக வாசித்துக் காட்டினார். "எழுத்தாளருக்கு என்னமோ ஆயிருச்சு" என்று ஒருத்தன் சொன்னான். உங்களை நினைத்துப் பாவமாக இருந்தது. அப்படி இருந்ததில் எனக்கே ஆச்சரியம்.

பானு வேலைக்குத் திரும்பிவிட்டாள். அதே காட்டு வழியில்தான் வருகிறாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு லயத்தில் உட்கார முடியவில்லை.

தை மாதக் கடைசிச் சனிக்கிழமை அங்கே கிடா வெட்டு. அன்றைக்குப் போகிறேன். பானு வருகிறாள், இன்னும் சில பெண்களும் வருகிறார்கள். நான் யார் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. கிழவிக்கு வீம்பு என்று நினைக்கிறார்கள். கல்லுக்கு முன்னால் நின்று, "நான்தான் பொன்னுமணி, நான் சாகவும் இல்லை, அப்படி ஒரு வாக்குச் சொல்லவும் இல்லை, பொம்பளைகள் இறங்கட்டும்" என்று சொல்லப் போகிறேன். மற்றவர்கள் நம்பாவிட்டால் போகிறார்கள். தம்பிக்கு என் முகம் தெரியும். அவன் ஒருத்தன் ஆமாம் என்றால் போதும்.

அவன் என்ன செய்வான் என்றுதான் தெரியவில்லை. காரியம் செய்து அனுப்பியவள் திரும்பி வந்தால் எந்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள். இவனோ கும்பிடுகிறான். கும்பிடுகிற சாமி, முழங்கால் வலியோடும் சுருக்குப்பையோடும் ஜீப்பில் இருந்து இறங்கினால் அவனுக்கு எப்படி இருக்கும்? ஊரில் அவனுக்கு இருக்கிற மரியாதை என்ன ஆகும்? சந்தோஷப்படுவான் என்று காலையில் தோன்றுகிறது. சாயங்காலம் அப்படித் தோன்றுவதில்லை.

நீங்கள் வர வேண்டாம். வந்தால் நடந்ததை அழகாக்கிவிடுவீர்கள்.

பொன்னுமணி


போடிநாயக்கனூர்
29 ஜனவரி 2024

அன்புள்ள அம்மா,

வரவில்லை. நீங்கள் சொன்னது நியாயம்தான்.

அன்று காலையில் இருந்து வீட்டில் முழங்காலில் நிற்பேன். உங்கள் சாமிக்கும் எங்கள் கர்த்தருக்கும் நடுவில் என்ன வழக்கம் என்று தெரியாது, எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கடைசி நிமிடத்தில் மனம் மாறினாலும் திரும்பிப் போய்விடுங்கள். யாரும் உங்களை எதுவும் கேட்க முடியாது.

பியூலா


14 பிப்ரவரி 2024

பியூலாவுக்கு,

சனிக்கிழமை நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நீங்கள் எதையும் சேர்க்க வேண்டாம்.

மெட்டில் இருந்து விஜயபாண்டி ஜீப்பில் இறங்கி வந்தோம். வளைவு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். "வேணாம் ஆத்தா, இன்னைக்கு எல்லாரும் இருக்காக, வம்பாயிரும்" என்றான். "நீ நிப்பாட்டலேன்னா ஓடுற வண்டியில இருந்து குதிப்பேன்டா. எனக்கு அது பழக்கம்தான்" என்றேன். என்ன புரிந்ததோ, நிறுத்திவிட்டான்.

ரோட்டோரத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் நான் இறங்கினேன், பின்னால் பானு. எல்லாரும் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்கள். "ஏய், ஏறு வண்டியில, ஏறு" என்று சத்தம். ஒருத்தன் கம்பை எடுத்தான். நான் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கல்லுக்கு நடந்தேன். முக்காட்டை எடுத்துவிட்டேன்.

காசிமாயன் திருநீற்றுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது, பியூலா. அதில் சந்தேகமே வேண்டாம். அக்கா என்று சொல்ல அவன் வாய் திறந்ததைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கும் சத்தம் வரவில்லை.

அப்போதுதான் அவனுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. தட்டைப் போட்டுவிட்டான். கண் மேலே செருகியது. "டேய்! எவன்டா எம் பேரச் சொல்லிப் பொம்பளைய மறிச்சவன்? பொன்னுமணி கேக்குறேன்டா! நான் எப்படா அப்பிடிச் சொன்னேன்? ஒரு பச்சப்புள்ளைய எனக்குக் காவு குடுத்துட்டீங்களேடா! பொம்பள எறங்கட்டும்! பொம்பள திங்கட்டும்!" என்று கத்தினான். கம்பை எடுத்தவன் உட்பட எல்லாரும் தார் ரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். எங்கள் பெண்களும் விழுந்தார்கள். பானு அந்தப் பச்சப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டு ஓவென்று அழுதாள். ஜீப்பில் இருந்த விஜயபாண்டி அங்கேயே கும்பிட்டான். காசிமாயனையும் என்னையும் தவிர அங்கே நிற்கிற ஆள் இல்லை.

நான் சொல்ல வந்த பேச்சுத்தான் அது. நான் உயிரோடு அவன் முன்னால் நிற்கிறேன். என் பேச்சு அவன் வாயில் இருந்து வருகிறது.

அது சாமி வந்ததா, அவனாகச் செய்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். அதற்கு மேல் நான் வாயைத் திறந்து, பொன்னுமணி நான்தான் என்றால், அவன் பேசியது பொய்யாகிவிடும். அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். திறந்த வழியையும் மறுபடி அடைத்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தெளிந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். பிறகு பெண்களைத் தனியாகப் பந்தியில் உட்கார வைத்து அவனே பரிமாறினான். என் இலைக்கு வந்தபோது கறியை அள்ளி அள்ளி வைத்தான். போதும் என்றும் நான் சொல்லவில்லை. "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. சிலமலை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. என் தம்பி என்னிடம் கேட்கிற கேள்வியா அது? "மலைதாங்க. இங்கனதான் சோலி" என்றேன். பேர் கேட்டான். தமிழ்செல்வி என்றேன். "நல்லாச் சாப்பிடுங்க" என்றான். அதற்குப் பிறகு அவன் என் பக்கம் வரவில்லை.

அவன் வீட்டில் ஒருவாய் சோறு சாப்பிட வேண்டும் என்று எழுதினேன் அல்லவா? அவன் கையால் சாப்பிட்டுவிட்டேன். அவன் வீட்டுக்கு இனி போக முடியாது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த வரியை இரண்டு தரம் அடித்துவிட்டு எழுதினேன், அதனால் கொஞ்சம் இருக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் பானு பதினோராம் வளைவில் இறங்கி வேலைக்கு வந்தாள். அவளோடு ஜீப்பில் இருந்த எல்லாப் பெண்களும் இறங்கினார்கள். ஜனவரியில் வர வேண்டிய புதிய பதிப்பு தள்ளிப்போயிருக்கிறது என்று ஜான் சொன்னார்; அதில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பெரியம்மாள் அக்காவின் செருப்பை வேண்டுமானால் எழுதுங்கள். என்னை உயிரோடு கொண்டுவர வேண்டாம். காசிமாயன் தாங்க மாட்டான்.

எனக்கு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். எப்போதாவது கடிதம் போடுங்கள். விஷயம் ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மழை பெய்தது, அப்பா நன்றாக இருக்கிறார் என்று எழுதினால் போதும். உறை மேல் தமிழ்செல்வி என்றே இருக்கட்டும். உள்ளே, முதல் வரியில், பொன்னுமணி அக்கா என்று எழுதுங்கள். அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட இனி வேறு ஆள் இல்லை.

பொன்னுமணி